ஒன்பது மாடியும் பதினைந்தாயிரம் வெள்ளையணுவும்

இது நடந்த கதை. நடந்தது நடந்தபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லப்போகிற கதை. டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதில் ஒரு பொய் இருக்கிறது என்று யாராவது காட்டிவிட்டால், இந்த ஹாலில் நிற்கிற ஸ்டீல் பீரோவைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வரத் தயார்.

பீரோ நல்ல கனம். அதனால் இப்போதே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடலாம். கதை உண்மைதான், அங்கங்கே கொஞ்சம் இழுபட்டிருக்கும். பழைய பனியன் மாதிரி. போடப் போட இழுபடும், ஆனால் அதே பனியன்தான். வெள்ளையணுக் கணக்கில் மட்டும் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. மாற்றவும் முடியாது. அந்தச் சீட்டுகள் ஸ்பேனரின் சட்டைப்பையில் இன்றைக்கும் இருக்கின்றன, ஸ்பேனரும் அதோ ஜன்னலோரம் இருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், வெட்கப்படுவார். வெட்கப்பட்டால் பேச ஆரம்பித்துவிடுவார். அவருடைய மச்சானும் இங்கேதான் இருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஸ்பேனரின் மனைவி உட்கார்ந்திருக்கிறார். அது தற்செயலாக அமைந்த இடம் இல்லை.

ஸ்பேனருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கம்பெனி வருகைப் பதிவேட்டில் அதை எழுதும்போது அவரே ஒரு நிமிஷம் யோசிப்பார். முப்பத்து நாலு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். இருபது வயதில் கிரீஸ் துடைக்கப் போனவர், துடைத்துத் துடைத்து மேலே வந்தார். ஆள் ஒல்லி. தோளில் தொங்குகிற பைதான் குண்டு. பதினாலு கிலோ பை. கல்யாணத்துக்குப் போனாலும் பை கூடவே போகும். ஸ்கூட்டரில் வைத்துவிட்டு வரச் சொன்னால், குழந்தையைத் தெருவில் விட்டுவிட்டு வரச் சொன்ன மாதிரி முறைப்பார்.

காது என்றால் அப்படி ஒரு காது. தரைத்தளத்தில் மூடின கதவில் காதை வைத்தால், பதினோராவது மாடிக்கு மேலே இருக்கிற பிரேக் எத்தனை நாளில் தேயும் என்று சொல்லிவிடுவார். எட்டாவது மாடியில் யாரோ பிஸ்கட் கடிக்கிறார்கள் என்றும் சொல்வார். எந்த பிஸ்கட் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அது பனியன் இழுபட்ட இடம்.

லிஃப்டில் ஓவர்லோடு மணி அடித்தால் உள்ளே இருக்கிறவர்கள் அலறுவார்கள். ஸ்பேனர் போய் நிற்பார். எல்லாக் கட்டடத்திலும், எல்லோரிடமும், அதே வார்த்தை.

"மணி அடிச்சா கயிறு அறுந்துபோச்சுன்னு அர்த்தமா? ஏன் அடிக்குதுன்னு மொதல்ல பாருங்க. எவனாவது உள்ள குதிச்சிருப்பான்."

இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவரே மறந்துபோனதால் வந்த கதை இது.

இனி மச்சான் விவகாரம். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவரும் லிஃப்ட் மெக்கானிக்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பேனரின் கம்பெனியை விட்டு எதிர்க் கம்பெனிக்குப் போனார். போனதும் அவரிடம் முதலில் ஒப்படைத்த கட்டடம், நாலு ரோடு சந்திப்பில் இருக்கிற அந்த ஒன்பது மாடி. கீழே மருந்துக்கடை, நடுவில் கண், பல், காது என்று ஆளுக்கொரு மாடி பிடித்த டாக்டர்கள், உச்சியில் ரத்தப் பரிசோதனை லேப். மச்சான் பெருமையாக அக்காவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டுபோய்த் தன் லிஃப்டில் ஏற்றினார். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் நின்றது என்பதில்தான் ஒரு குடும்பமே பிளந்தது. மூன்று மணி நேரம் என்பார் ஸ்பேனர். பதினோரு நிமிஷம் என்பார் மச்சான். நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை மாமாவே முழங்கையால் அமுக்கிவிட்டார் என்று ஒரு வார்த்தை சேர்த்தும் சொல்வார். அன்றைக்கு வெளியே வந்த ஸ்பேனர், மருந்துக்கடை வாசலில் பத்துப் பேர் கேட்க மனைவியிடம் சொன்னது இது:

"உன் தம்பி கை வெச்ச லிஃப்ட்டுல இனிமே என் பொணம்கூட ஏறாது."

அதற்கப்புறம் ஆறு வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மச்சான் இவர் வீட்டு வாசல்வரை வந்து அக்காவிடம் பேசிவிட்டு அப்படியே போய்விடுவார். ஸ்பேனர் உள்ளே இருந்தபடி இருமுவார். அவ்வளவுதான் உறவு.

இந்த வருஷம் கம்பெனியில் எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை வைத்தார்கள். ரத்தம் கொடுக்கவேண்டிய லேப் எங்கே என்று சீட்டைப் பிரித்துப் பார்த்தால், நாலு ரோடு சந்திப்பு, ஒன்பதாவது மாடி.

ஸ்பேனர் யோசிக்கவே இல்லை. பையைத் தோளில் ஏற்றினார், லிஃப்டுக்குப் பின்பக்கம் காட்டினார், படியில் ஏறினார். மெதுவாக ஏறியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாலாவது மாடித் திருப்பத்தில் லிஃப்ட் தன்னைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. உள்ளே இருந்து மச்சானே சிரிக்கிற மாதிரி இருந்தது. மிச்ச ஐந்து மாடியை ஓட்டமாக ஓடினார். மேலே போய் நின்றதும் அவருடைய டோக்கனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் அப்படி ஒரு கூட்டம். லேப்காரம்மா முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டச் சொன்னார், ஊசியைப் போட்டார், ரத்தத்தை எடுத்தார், பஞ்சை வைத்தார். "அடுத்து" என்றார். ஸ்பேனர் வந்த வழியே இறங்கினார்.

மறுநாள் சீட்டு வந்தது. எல்லா வரியும் ஒழுங்காக இருந்தது. ஒரே ஒரு வரி மட்டும் கறுப்பாகத் தடித்து, பக்கத்தில் மேலே பார்த்த ஒரு அம்புக்குறியோடு நின்றது. வெள்ளையணு 15,200. நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம்வரை இருக்கலாம் என்று எதிரே அச்சடித்திருந்தது.

கம்பெனி டாக்டரம்மாவுக்குத் தனியாக வேறு தெருவில் கிளினிக். தரைத்தளம். அதனால் ஸ்பேனருக்கு அவரைப் பிடிக்கும். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"காய்ச்சல், இருமல் ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"பல்லுல வலி, எங்கயாவது புண்ணு, கட்டி?"

"இல்ல."

"மூட்டு வலி, மூச்சு இரைப்புன்னு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறீங்களா?"

"தலைவலி மாத்திரையே என் பொண்டாட்டி எண்ணித்தான் குடுப்பா."

"சிகரெட்?"

"விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு."

"உடம்பு எடை குறைஞ்சிருக்கா? தூக்கத்துல துணி நனையற அளவுக்கு வேர்க்குதா?"

"குறையறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு டாக்டர்? வேர்க்கவும் இல்ல."

"ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி உடற்பயிற்சி ஏதாவது செஞ்சீங்களா? ஓடறது, எடை தூக்கறது?"

"அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் என்கிட்ட கிடையாது டாக்டர்."

அவர் பொய் சொல்லவில்லை. உடற்பயிற்சி என்றால் பூங்காவில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கையை வீசுவது என்றுதான் அவருக்குத் தெரியும். பதினாலு கிலோ பையோடு படி ஏறுவது பிழைப்பு. முப்பத்து நாலு வருஷமாக லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில் ஏறி ஏறி, படியை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மூச்சு விட்டீர்களா என்று கேட்டால் யாராவது யோசித்துச் சொல்வார்களா?

டாக்டரம்மா சீட்டை மடித்துக் கொடுத்தார். "ஒரே ஒரு தடவை பாத்துட்டு இதுல எதையும் முடிவு பண்ண முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்துப் பாப்போம். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று சொன்ன பிறகுதான் ஸ்பேனருக்கு பயம் வந்தது. அதுவரைக்கும் அந்த யோசனையே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடி வீட்டுக்காரரிடம் போனார். அவர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். போனில் எதைக் கேட்டாலும் எடுத்துப் படித்துச் சொல்வார். ஆனால் ஆபீசில் முப்பது வருஷம் கோப்புகளைக் கடைசிப் பக்கத்திலிருந்தே படித்துப் பழகியவர். முடிவு அங்கேதான் இருக்கும் என்பார். வெள்ளையணு ஏன் ஏறும் என்று போனில் ஒரு பட்டியல் வந்தது. கிருமித் தொற்று, அலர்ஜி, சில மாத்திரைகள், புகை, மன அழுத்தம், கடுமையான உழைப்பு என்று வரிசையாக இருந்தது. எழுத்தர் கட்டைவிரலால் அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுக் கடைசி வரிக்குப் போனார்.

"ரத்தப் புற்றுநோய்னு போட்டிருக்கு தம்பி."

"வேற ஒண்ணும் போடலையா சார்?"

"மேல என்னென்னமோ இருக்கு. அதெல்லாம் சும்மா முன்னுரை."

அன்றிலிருந்து ஸ்பேனர் மனதுக்குள் செத்துக்கொண்டே வேலைக்குப் போனார். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவித் தடவி, தடவின இடமே வீங்கிவிட்டது. லிஃப்டின் பிரேக்கைக் கேட்கிற காதால் தன் நாடியைக் கேட்டார். கேட்கக் கேட்க அது வேகமாக அடித்தது. மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவி தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவர். பேச்சும் அப்படித்தான். ஓங்கி ஒன்று வைத்தால் அப்புறம் அழிக்க முடியாது. அவர் வாயால் "ஐயோ" என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டால் தாங்க முடியாது என்று ஸ்பேனர் நினைத்தார்.

சொல்வதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தார். பையிலிருந்த கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தனக்குப் பிறகு யாருக்கு என்று வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டினார். சின்ன ஸ்பேனர் செட், பழைய கட்டடத்து வாட்ச்மேனுக்கு. டெஸ்டர், தலைமை எழுத்தருக்கு, அவர் வீட்டு ஸ்விட்ச் ஒழுங்காக இல்லாததால். எண்ணெய்க் குப்பி, யார் முதலில் அழுகிறார்களோ அவர்களுக்கு. கடைசியாகப் பெரிய ரென்ச். முழங்கை நீளம், முப்பது வருஷம் கையோடு இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுதினார்: "யாருக்கு வேண்டுமானாலும். மச்சானுக்கு மட்டும் கிடையாது."

இரண்டு வாரம் முடிந்தது. மறுபடியும் அதே கட்டடம், அதே படி, அதே பை. சாகப்போகிறவனுக்கு இன்னும் என்ன வீம்பு என்று அவருக்கே தோன்றியது. ஆனால் லிஃப்ட் கதவில் மச்சான் கம்பெனியின் ஸ்டிக்கரைப் பார்த்ததும் கால் தானாகப் படிக்குத் திரும்பிவிட்டது. அன்றைக்கும் கூட்டம். போனார், நீட்டினார், கொடுத்தார். 14,800.

டாக்டரம்மா இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஹீமோகுளோபின் சரியா இருக்கு, பிளேட்லெட் சரியா இருக்கு. அது நல்ல விஷயம். இதுமட்டும்தான் இறங்க மாட்டேங்குது. அடுத்த வாரம் இன்னொரு தடவை குடுங்க. இந்தத் தடவை ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில தடவி, மைக்ராஸ்கோப்புல அந்த அணுக்களோட முகத்தையே பாக்கச் சொல்லி எழுதறேன். சீட்டைத் தொலைச்சிடாதீங்க. அதுக்கப்புறமும் இப்படியே இருந்துச்சுன்னா ரத்த ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பறேன்."

இவ்வளவு நீளத்தில் ஸ்பேனர் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும். தலைமை எழுத்தரின் வியாதி இவருக்கும் தொற்றியிருந்தது.

அந்த வாரம்தான் மனைவி, கழன்றுபோன கதவுத் தாழ்ப்பாளை முடுக்க அந்தப் பையில் கையை விட்டார். எண்ணெய்க் குப்பி வந்தது. படித்தார். டெஸ்டர் வந்தது. படித்தார். ரென்ச் வந்தது. எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, புருஷன் வேலையிலிருந்து வருகிறவரை நாற்காலியில் காத்திருந்தார்.

"என்ன இது?"

ஸ்பேனர் சொன்னார். நின்றபடியே, செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

மனைவி "ஐயோ" என்று சொல்லவில்லை. "இதுல எனக்கு ஒண்ணுமே எழுதலையே" என்றார். அப்புறம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த தடவை நானும் வரேன்."

அன்றைக்கே தம்பிக்கும் போன் போட்டார். அது ஸ்பேனருக்குத் தெரியாது.

மூன்றாவது தடவை. காலையில் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். மனைவி நேராக லிஃப்டுக்குப் போனார். ஸ்பேனர் நேராகப் படிக்குப் போனார். மனைவி திரும்பிப் பார்த்து, "இப்பவுமா?" என்று மட்டும் கேட்டார். பை திருப்பத்தில் மறைந்தது.

மனைவி மேலே போய், டோக்கன் வாங்கி, நாற்காலி பிடித்து, அங்கே கிடந்த வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை படித்துவிட்டார். அப்புறம்தான் ஸ்பேனர் வந்தார். குக்கர் மாதிரி வந்தார். மூன்று விசில் தாண்டின குக்கர். மூச்சுக்காற்றில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படபடவென்று ஆடியது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் லேப் லீவு என்பதால் அன்றைக்குப் பதினோரு மணிக்கே கவுண்டரை மூடுவதாக எழுதிப் போட்டிருந்தார்கள். ஆனாலும் கூட்டம் இல்லை. அதனால் லேப்காரம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். ஊசியைப் பிரித்த கை அப்படியே நின்றது.

"ஏன் சார் இப்படி வேர்க்குது? படபடப்பா இருக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா. நீங்க குத்துங்க."

லேப்காரம்மா மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்."

"எங்கேருந்து?"

மனைவி முத்திரையை எடுத்தார். "கீழேருந்து. ஒம்பது மாடியும் படியில. அந்த மூட்டையையும் சுமந்துகிட்டு. என் தம்பி பாத்துக்கற லிஃப்ட்டுங்கறதால ஏறமாட்டாராம்."

"போன ரெண்டு தடவையும் இப்படித்தான் வந்தாரா?"

"ஆறு வருஷமா இப்படித்தான்."

லேப்காரம்மா ஊசியை மூடிவைத்தார். "இப்படி வந்து உடனே குடுத்தா வெள்ளையணு ஏறித்தான் காட்டும் சார். டாக்டர்கிட்ட இதைச் சொல்லலையா நீங்க?"

"அவங்க உடற்பயிற்சி செஞ்சியான்னுதானே கேட்டாங்க" என்றார் ஸ்பேனர்.

லேப்காரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் ரத்தம் கொடுக்கக் காத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் சிரித்து, சிரிப்பில் பல்செட் கழன்று, அதைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அரை மணி நேரமாவது அசையாம உக்காருங்க. அப்புறம் எடுக்கறேன். மைக்ராஸ்கோப்புல பாக்கச் சொன்ன சீட்டு எங்க?"

சீட்டு ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது. அது ஞாபகம் வந்ததும் ஸ்பேனர் எழுந்தார். அசையாமல் உட்காரச் சொல்லி அரை நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் தடுப்பதற்குள் பையோடு படியில் இறங்கி ஓடிவிட்டார். லேப்காரம்மா வராந்தாவுக்கு ஓடிவந்து கைப்பிடிச் சுவரில் குனிந்து கத்தினார். அந்தக் குரல் கண், பல், காது என்று எல்லா மாடியையும் எழுப்பியது.

"வரும்போது லிஃப்ட்டுல வாங்க. படியில வந்தா இன்னிக்கு ஊசி கிடையாது. பதினோரு மணிக்குக் கவுண்டர் மூடிடும், ரெண்டு நாள் லீவு."

ஸ்பேனர் கீழே வந்து சீட்டை எடுத்தார். மணி பத்தே கால். படியில் ஏறினால் மேலே போய் உட்கார்ந்து ஆற நேரம் இல்லை, அந்த அம்மா ஊசியும் போடமாட்டார். போடவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள். இரண்டு நாள் அந்த அம்புக்குறியோடு படுத்து எழுந்திருக்க வேண்டும். புற்றுநோயா இல்லையா என்று தெரியாமல் இன்னும் இரண்டு நாள் நாக்கை நீட்டி, கழுத்தைத் தடவி. லிஃப்ட் பக்கம் திரும்பினால், தூணில் சாய்ந்தபடி மச்சான்.

ஆறு வருஷத்தில் மச்சானுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. ஸ்பேனருக்கு அது திருப்தியாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

"என்ன மாமா" என்றார் மச்சான்.

"நீ எதுக்கு வந்த?"

"மாசாமாசம் வர்ற சர்வீஸ்."

"தேதி ஒண்ணாந்தேதிதானே உங்க கம்பெனில?"

"என் தேதியெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்களே மாமா."

அதற்குள் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே மனைவி நின்றிருந்தார். மேலேயிருந்து இறங்கி வந்திருந்தார்.

"உள்ள வாங்க."

"நான் அன்னிக்கே சொன்னேன், இதுல என் பொணம்கூட…"

"பொணம் ஏறாதுன்னுதானே சொன்னீங்க? நீங்க இன்னும் பொணமாகல. ஏறுங்க."

இதற்கு உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் பதில் கிடையாது. ஸ்பேனர் ஏறினார். மச்சானும் ஏறினார். ஏறும்போதே, "வெயிட்டு தூக்கக் கூடாது இல்ல" என்று அவர் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். கதவு மூடியது.

ஒன்பது மாடிப் பயணம் ஒன்பது வருஷம் போல நடந்தது. ஸ்பேனர் கண்ணை மூடிக்கொண்டார். காதை மூட முடியவில்லை. கயிறு சீராக ஓடியது. பக்கத் தண்டவாளத்தில் ஒரு உரசல் இல்லை. பிரேக்குக்கு எண்ணெய் அளவாகப் போட்டிருந்தது. எங்கேயாவது ஒரு கிறீச் கேட்காதா என்று தவம் கிடந்தார். கேட்கவில்லை. ஐந்தாவது மாடி விளக்கு எரிந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார், துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறவன் மாதிரி. பொத்தானை அமுக்கினார் என்று இனி ஒருத்தர் சொல்லக்கூடாது இல்லையா. ஆறு எரிந்தது. ஏழு எரிந்தது. அப்புறம்தான் கையை இறக்கினார்.

மச்சான் அதைப் பார்க்கவில்லை. வாய் திறந்திருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரென்ச்சின் டேப் நேராக மேலே தெரிந்தது.

"இதையெல்லாம் எப்ப எழுதினீங்க மாமா?"

ஸ்பேனர் மாடி எண் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாட்ச்மேனுக்கு ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு வரி முழுசா எழுதியிருக்கீங்க." மச்சானுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "அப்படி ஒண்ணும் ஆகாது மாமா. நான் சொல்றேன் பாருங்க."

"நீ என்ன டாக்டரா?"

"நீங்க மட்டும் டாக்டரா?"

ஒன்பதாவது மாடியில் கதவு திறந்தது. ஸ்பேனர் வெளியே வந்து, திரும்பிக் கதவைப் பார்த்து, ஆறு வருஷத்துக்குப் பிறகு மச்சானின் வேலையைப் பற்றிய தன் தீர்ப்பைச் சொன்னார்: "கதவு கொஞ்சம் மெதுவா மூடுது."

முப்பத்தைந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தார். மறுபடியும் ஓடிவிடுவாரோ என்று மனைவி அவர் சட்டை நுனியை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு பக்கம் மச்சான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு அடங்கியது. வேர்வை காய்ந்தது. பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது லேப்காரம்மா நாடியைப் பார்த்துவிட்டு, "இப்ப மனுஷன் மாதிரி இருக்கீங்க" என்று ஊசியைப் போட்டார்.

சாயங்காலம் டாக்டரம்மா கிளினிக்கில் மூன்று பேரும் போய் உட்கார்ந்தார்கள். நாற்காலி இரண்டுதான். மச்சான் நின்றார். டாக்டரம்மா சீட்டைப் பிரித்தார். ஸ்பேனர் சீட்டைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் புருவத்தைப் பார்த்தார். புருவம் அசையவில்லை. வாய்தான் அசைந்தது.

"எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்."

"அப்படின்னா?"

"சரியா இருக்குன்னு அர்த்தம். மைக்ராஸ்கோப்புலயும் பாத்திருக்காங்க. எல்லாம் முழுசா வளர்ந்த நல்ல அணுக்கள்தான். சந்தேகப்படற மாதிரி ஒண்ணும் இல்ல."

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்பேனர் நம்பவில்லை. நல்ல சேதியை நம்ப அவருக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"அப்ப அந்த மிச்ச ஆறாயிரம் எங்க போச்சு டாக்டர்?"

லேப்காரம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "எங்கயும் போகல. ரத்தக் குழாய்ல சுவர் ஓரமா நிறைய வெள்ளையணு சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கும். நாம ஊசியில எடுக்கறது நடுவுல ஓடற ரத்தத்தை. நீங்க மூட்டையோட ஒம்பது மாடி ஓடினா ரத்தம் வேகம் பிடிக்கும், ஓரமா நின்னதெல்லாம் நடுவுக்கு வந்துடும். புதுசா எதுவும் முளைக்கல. நின்னதுதான் கணக்குல வந்துச்சு. கொஞ்ச நேரம் உக்காந்தா பழையபடி ஓரத்துக்குப் போயிடும்."

ஸ்பேனர் முகம் மெல்ல மாறியது. "லிஃப்ட்டுல ஓரமா சாஞ்சிருந்தவங்க எல்லாம் நடுவுல வந்து குதிச்ச மாதிரி."

"அப்படியே வெச்சுக்குங்க."

"அப்ப மணிதான் அடிச்சிருக்கு. கயிறு நல்லாத்தான் இருக்கு."

சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்தது. முப்பத்து நாலு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தை. மூன்று வாரமாகத் தனக்கு ஒரு தடவைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, அழுகை விக்கலாகி, விக்கல் நிற்க டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். ஏழு டம்ளர். சரி, ஒரு டம்ளர்.

டாக்டரம்மா விடவில்லை. "இனிமே மணி அடிச்சாலே எவனோ குதிச்சான்னு கயித்தைப் பாக்காம விட்டுடாதீங்க. காய்ச்சல் விடாம இருந்தா, எடை காரணமில்லாம குறைஞ்சா, கட்டி தெரிஞ்சா, சும்மா சும்மா ரத்தம் கசிஞ்சா உடனே வரணும். வெள்ளையணு ரொம்பக் கம்மியா இருந்தாலும் ஏன்னு பாக்கணும். சில காய்ச்சல்லயும் குறையும், சில மாத்திரையிலயும் குறையும். காரணம் என்னன்னு தேடறதுக்குத்தான் நாங்க இருக்கோம். மாடி வீட்டுக்காரர் இல்ல."

வெளியே வந்தார்கள். தெருவில் வெயில் இறங்கியிருந்தது. பழக்கடைக்காரரிடம், பஸ்ஸுக்கு நின்றவர்களிடம், சிக்னலில் நின்ற ஆட்டோக்காரரிடம் எல்லாம் ஸ்பேனர் "எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஆட்டோக்காரர், "அவ்வளவெல்லாம் ஆகாது சார், பக்கம்தானே" என்றார்.

ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து பையைத் திறந்தார். டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்தார். ரென்ச்சில் ஒட்டியதுமட்டும் உரிய மறுத்தது. நகத்தால் சுரண்டினார், சாவியால் சுரண்டினார். முன்பாதியும் "கிடையாது" என்ற கடைசிச் சொல்லும் போய், மிச்சம் அப்படியே நின்றது. பார்த்தால், "மச்சானுக்கு மட்டும்" என்று இருந்தது. ஸ்பேனர் அதை நீட்டினார்.

"வெச்சுக்க. சும்மா கிடந்து துருப்பிடிக்குது."

ரென்ச்சில் துரு ஒரு புள்ளிகூட இல்லை. மச்சான் அதைச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அன்னிக்கும் இன்னிக்கு மாதிரி கையைத் தூக்கிட்டு நின்னிருந்தீங்கன்னா, அந்தப் பதினோரு நிமிஷமும் நின்னிருக்காது மாமா" என்றார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், டீயும் முடிந்துவிட்டது, பீரோவும் இருந்த இடத்தில் இருக்கிறது.

"மூணு மணி நேரம்" என்றது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.

"பதினோரு நிமிஷம். நான் வாட்ச்சைப் பாத்தேன்."

"உன் வாட்ச்சும் உன் லிஃப்ட் மாதிரி நின்னிருக்கும்."

"அப்ப அந்த ரென்ச்சைத் திருப்பித் தரேன், புடிங்க."

"குடு, குடு. எனக்கென்ன?"

"நான் போன்ல பாத்துச் சொல்லட்டுமா?" என்று கூட்டத்தில் இருந்த தலைமை எழுத்தர் கண்ணாடியை மாட்டினார். ஸ்பேனரும் மச்சானும் ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்ந்தார்கள். அதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை. வாட்ச்மேன் தனக்கு வரவேண்டிய ஸ்பேனர் செட் என்ன ஆனது என்று கேட்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரர் அது எப்படி உனக்கு என்று கேட்க, யாருடைய கையோ பட்டு டீ டம்ளர் உருண்டது. மூன்று மணி நேரக் கட்சி ஜன்னல் பக்கமும் பதினோரு நிமிஷக் கட்சி பீரோ பக்கமும் ஒதுங்க, எல்லோரும் எழுந்து நின்று ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நடுவில் மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை. புருஷனின் சட்டை நுனியை எட்டிப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"உக்காருங்க. இப்ப உங்க ரத்தத்தை எடுத்தா இருபதாயிரம் காட்டும்."